வேண்டுமென்றே சொதப்பிய பரீட்சை

மோதி விழுந்த நேத்தன் எழுந்தான், பந்தைத் தரையில் வைத்தான், குதிகாலால் பின்னால் உருட்டினான். எல்லாம் சரிதான். முகம் மட்டும் எங்கள் கோல் பக்கம் இருந்தது. பந்து நேராக எதிரணிக்குப் போய்விட்டது.

எனக்கு வரவேண்டிய பந்து அது. ரக்பி லீக்கில் பிடிபட்டு விழுந்தவன் எதிரியைப் பார்த்து எழுந்து, முதுகுக்குப் பின்னால் நிற்கும் தன் ஆளுக்குப் பந்தைத் தள்ள வேண்டும். அந்த ஆள் நான். இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் மூக்கு ஒழுகும் பிள்ளைகூட இதில் தவறாது.

"டேய், வீட்டுக்கா கெளம்பிட்ட? பஸ் ஸ்டாப் இந்தப் பக்கம்!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். அரங்கமே சிரித்தது. நான் நேத்தன் முகத்தைப் பார்த்தேன். என்னை நேருக்கு நேர் பார்த்த அந்தக் கண்களில் ஆளே இல்லை.

நேத்தன் என் மனைவி ஜெம்மாவின் தம்பி. பத்தொன்பது வயது. பிஸ்கட் ஆலை வேலையை விட்டுவிட்டு முன்வரிசையில் ஆட வந்தவன். பயிற்சியாளர் ஹோல்ட்பி கறாராகச் சொல்லியிருந்தார்: இன்றைக்கு ஆடிக் காட்டினால் ஒப்பந்தம், இல்லையென்றால் ஆலைக்கே போகலாம்.

அணியின் டாக்டர் தலையில் அடியா என்று சோதிக்க அவனை உள்ளே அழைத்துப் போனார். அதை நம்பி நிம்மதியாக இருக்க என்னால் முடியவில்லை. சீசன் தொடங்குமுன் எல்லோருக்கும் ஒரு பரீட்சை உண்டு. டாக்டர் சொல்லும் சொற்களை நினைவில் வைத்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். தலையில் அடிபட்டால் மறுபடி அதே மாதிரிப் பரீட்சை. முன்னதைவிடக் குறைந்தால் ஆட விடமாட்டார்கள். அதனால் எங்கள் முன்வரிசைத் தடியன்கள் முதல் பரீட்சையிலேயே மக்கு வேஷம் போட்டுவிடுவார்கள். இந்தக் கழுதையும் போட்டது. அதைக் காரில் என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

கட்டைவிரலை உயர்த்திக்கொண்டே திரும்பி வந்தான். "பாஸ், மாமா!"

"இன்னிக்கு யாரோட ஆடுறோம்? சொல்லு."

"நக்கலா?" என்றவன், பதில் தெரியாமல் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். "மாமா, ஒன் கால்ல விழறேன். இன்னிக்கு மட்டும் வாயத் தொறக்காத."

நான் கோட்டோரம் ஓடி டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் நேத்தனை மறுபடி ஆட விடவில்லை.

ஆட்டம் முடிந்து உடைமாற்றும் அறைக்குள் நுழைந்ததும் நேத்தன் எறிந்த தண்ணீர் பாட்டில் என் நெஞ்சில் வந்து விழுந்தது. "என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே! நீயெல்லாம் மனுஷனா?" ஹோல்ட்பி எட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். அவ்வளவுதான், முடிந்தது.

ஆம்புலன்சுக்காகக் காத்திருந்தோம். திடீரென்று நேத்தன் பாசமாக என் தோளைத் தட்டினான். "மாமா, நாம எப்ப மைதானத்துல எறங்கணும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நடந்ததைச் சொன்னேன். முதல் முறை கேட்பவனைப் போல மறுபடி அழுதான், மறுபடி ஏசினான். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் போனது. கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். "ஏன் மாமா, ஒப்பந்தம் கெடச்சுரும்ல?"

இன்னொரு தடவை அவனை அழவைக்க என்னிடம் தெம்பு இல்லை.

"கெடச்சுரும்டா."

அப்போதுதான் ஜெம்மா மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அக்கா, கெடச்சிருச்சாம்! மாமாவே சொல்லிட்டாரு!"

அவள் தம்பியைக் கட்டிக்கொண்டு, "நெசமாவா?" என்று என்னைப் பார்த்தாள்.