ஓடுகிற மெஷின்

நீல வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பாஸ்வேர்டை அடித்துப் பொத்தானை அமுக்கினால் பேங்க் உள்ளே விட வேண்டும். விடவில்லை. காலையிலிருந்து பதினோரு தடவை. பக்கத்து நாற்காலியில் மனைவி மடியில் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தாள். இடது கண் ஏற்கெனவே போய்விட்டது. வலது கண்ணுக்கு நாளை ஆபரேஷன். நாலு மணிக்குள் முன்பணம் போய்ச் சேராவிட்டால் அந்தத் தேதி வேறு ஆளுக்கு, எங்களுக்கு மூன்று மாதம் கழித்துத்தான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மூன்று மாதம் அந்தக் கண் தாங்காது என்று டாக்டர் சொன்னதை நான் அவளிடம் சொல்லவில்லை. நேரில் போய்க் கட்டலாம் என்றால், எங்கள் தெருவில் இருந்த பேங்க் கிளையை மூடிச் செருப்புக்கடை ஆக்கி ஒரு வருஷம் ஆகிறது.

நான் முப்பத்தெட்டு வருஷம் வெல்டர். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான். ஆனால் போன மாதம் திறந்த பூட்டு இன்று திறக்கவில்லை என்றால், எவனோ சாவியை மாற்றியிருக்கிறான் என்று தெரியாதா? போன மாதம் இந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவன் என் மகன் ஒருவன்தான். போன் போட்டேன்.

"பாஸ்வேர்ட மாத்திட்டியாடா?"

"என்னப்பா சொல்றீங்க?"

"அம்மா கண்ணுக்கு வச்ச காசுடா அது. அதுலயும் கை வைக்கணுமா?"

போனை வைத்துவிட்டான்.

"பெத்த புள்ளையப் போயி..." என்றாள் மனைவி.

"நீ சும்மா இரு."

அடுத்து பேங்குக்குப் போட்டேன். அரைமணி நேரம் பாட்டுப் போட்டுவிட்டு ஒரு பெண் வந்தாள்.

"ஐயா, எந்த பிரவுசர்ல திறக்கறீங்க?"

"மேசை மேல இருக்குற பொட்டியிலம்மா."

மூலையில் மூன்று புள்ளி இருக்கும், அதை அமுக்குங்கள் என்றாள். அமுக்கி, அங்கே கிடந்த நம்பரை ஒவ்வொன்றாகப் படித்தேன்.

"ஐயா, இது நாலு வருஷத்துக்கு முந்தினது. போன வாரத்துலேர்ந்து எங்க சைட் இதுல திறக்காது. உங்க பாஸ்வேர்டு அப்படியேதான் இருக்கு, யாரும் மாத்தல. அப்டேட் பண்ணுங்க."

"எனக்கு எழுபத்து மூணும்மா. என்னையும் பழசுன்னு தள்ளிருவீங்களா?"

அவள் சிரிக்கவில்லை.

பட்டறையில் எங்களுக்கு ஒரே சட்டம்தான்: ஓடுகிற மெஷினில் கை வைக்காதே. இந்தப் பெட்டி வாரா வாரம் அப்டேட் பண்ணட்டுமா என்று கேட்கும். கதவைத் திற என்று திருடன் கேட்பது மாதிரி இருக்கும் எனக்கு. ரிப்பேர்க்காரனைக் கூப்பிட்டுக் காசு கொடுத்து அதன் வாயை அடைத்தேன். "பின்னால கஷ்டப்படுவீங்க பெரியவரே" என்றான். "உன் வியாபாரத்த வேற எடத்துல வச்சுக்க" என்றேன். இப்போது புதுசை ஏற்றப் போனால், பெட்டியே பழசு, ஏறாது என்று வருகிறது.

மணி மூன்று. என்னிடம் இருப்பது பட்டன் போன். கம்ப்யூட்டர் கடையில் போய்ப் பாஸ்வேர்டு அடிப்பதற்குப் பதில் தெருச் சுவரில் எழுதி வைக்கலாம். மகனுக்குப் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தான்.

"உன் லேப்டாப்ப எடுத்துட்டு வா" என்றேன்.

வந்தான். சட்டை நனைந்திருந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை. "சாப்டியாம்மா?" என்று அவளைக் கேட்டுக்கொண்டே பேங்க் பக்கத்தைத் திறந்தான். சட்டென்று திறந்தது. லேப்டாப்பை என் பக்கம் தள்ளிவிட்டு ஜன்னலோரம் போய் முதுகைக் காட்டி நின்றான்.

அந்த எழுத்துக் கட்டைகள் தட்டையாக இருந்தன. என் விரல் பட்டால் இரண்டு சேர்ந்து அமுங்கின. தப்பு. மறுபடியும் தப்பு. இன்னும் ஒரு தடவைதான், அதற்குமேல் நாளை வரை பூட்டிவிடுவோம் என்று சிவப்பில் வந்தது. மூன்று நாற்பது.

"நீயே அடிடா. நான் சொல்றேன்."

"வேணாம்பா. நீங்களே அடிங்க. நான் பாக்கல."

"அட, திரும்புடா."

அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். மனைவி பையை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தாள். சுவரைத் தடவித் தடவிப் போய் அவன் பக்கத்தில் நின்றாள், அவளும் தெருவைப் பார்த்தபடி. அவள் கை காற்றில் துழாவி அவன் தோளைக் கண்டுபிடித்தது. அந்த இரண்டு முதுகுகளுக்கும் பின்னால், ஒரே ஒரு விரலை நீட்டி, முதல் எழுத்து எங்கே இருக்கிறது என்று தேடினேன்.