முடிச்சு வரைக்கும்

நமீபியாவின் ஒகஹாண்ட்ஜாவில் ஆகஸ்ட்தோறும் மூதாதையர் நினைவாக நடக்கும் ஊர்வலத்துக்கு ஐந்தே நாள் இருக்கும்போது, செத்துப்போன அக்காவின் தையல் மிஷின் ஒட்டிலியின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அக்கா மகள் வேமுனாதான் அதைப் பிக்கப் வண்டியில் போட்டு எடுத்து வந்தாள். ஊசிக்கடியில் சிவப்புத் துணி அப்படியே மாட்டிக்கொண்டிருந்தது. அல்வினே பாதியில் விட்டுப்போன பாவாடை. முழுசாகப் பத்து மீட்டர்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துத் தர வேண்டும் என்றாள் வேமுனா. அம்மா எனக்காகத்தான் தைத்திருப்பாள், போன வருஷமே கேட்டு வைத்திருந்தேன் என்றாள்.

இந்த மிஷினுக்காகத்தான் அக்காளும் தங்கையும் நாலு வருஷம் பேசாமல் இருந்தார்கள். தாய் இறந்ததும் அல்வினே யாரையும் கேட்காமல் மிஷினைத் தூக்கிக்கொண்டு போனாள். ஒட்டிலி நாலு பேர் முன்னால் அவளைத் திருடி என்றாள். சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள இவளுக்கு வாய் வரவில்லை, எடுத்ததைத் திருப்பித் தர அவளுக்குக் கை வரவில்லை. ஆகஸ்ட் ஊர்வலத்தில் மட்டும் இரண்டு பேரும் ஒரே கூட்டத்தில் நடந்தார்கள். ஒட்டிலி முன் வரிசை, அல்வினே நேர் பின்னால். அக்காவின் பாவாடை தரையில் உரசும் சத்தம் ஒட்டிலிக்கு நன்றாகவே தெரியும். ஒரு வருஷம்கூட அவள் திரும்பிப் பார்த்ததில்லை. அத்தனை வீராப்பு.

ஜூன் மாதம் அல்வினே போய்விட்டாள். அடக்கத்துக்குப் போன ஒட்டிலி இடுகாட்டு வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பினாள். மற்றவர்களைப்போல மண்டியிட்டு, குழிமேட்டுக் கல்லில் கை வைத்து, இன்னார் வந்திருக்கிறேன் என்று பெயர் சொல்லவில்லை.

வேமுனா அதையும் விடவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே கேட்டாள்.

"கிட்டயே வரலியே சின்னம்மா. நீங்க வந்தீங்கன்னு அம்மாவுக்கு யாரு சொல்லியிருப்பா?"

ஒட்டிலிக்கு அந்தக் கேள்வி தைத்தது. அக்கா கோபத்தோடு செத்தாளா, இல்லையா? அது ஒன்றுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. செத்தவள் ஆறாத கோபத்தோடு போயிருந்தால் இருப்பவளுக்கு என்ன நிம்மதி?

பாவாடையைப் பிரித்துப் பார்த்தாள். தாய் சொல்லிக்கொடுத்த முறைதான். மேல் ஓரத்தை மடித்து, உள்ளே ஒரு கயிறு வைத்து, கயிறு ஊசியில் மாட்டாமல் ஒட்டி அடித்துக்கொண்டு போக வேண்டும். கயிற்றின் ஒரு நுனியைத் துணியோடு தைத்துவிட்டு, அங்கிருந்து இடுப்பளவு தூரத்தில் முன்கூட்டியே ஒரு முடிச்சு போட்டிருப்பார்கள். மறு நுனியை இழுத்தால் துணி சுருங்கிக்கொண்டே போகும். முடிச்சு வெளியே தலைகாட்டியதும் நிறுத்த வேண்டும். பத்து மீட்டரும் ஒரு இடுப்பில் வந்து உட்கார்ந்துவிடும்.

இழுத்தாள். முடிச்சு வந்தது. ஆனால் வேமுனாவின் இடுப்புக்கு அது ஒரு முழம் அதிகம். அம்மாவுக்குக் கடைசியில் கண் சரியாகத் தெரியவில்லை என்றாள் வேமுனா. டேப்பையே தொடாமல் வாழ்நாள் முழுக்கக் கண்ணால் அளவெடுத்தவள் அல்வினே. நோய் யாரைத்தான் விட்டது என்று நினைத்துக்கொண்டு, ஒட்டிலி முடிச்சையும் தாண்டி இழுத்தாள். சுருக்கங்களை விரலால் சீராக்கி, கயிற்றை ஒரு குண்டூசியில் எட்டுப் போலச் சுற்றி வைத்தாள்.

காலையில் வந்து பார்த்தால் குண்டூசி மேஜையில் தனியாகக் கிடந்தது. துணி தளர்ந்து முடிச்சில் வந்து நின்றிருந்தது.

பட்டுமாதிரி வழுக்குகிற துணி, நழுவியிருக்கும் என்று மறுபடி இழுத்து இரண்டு குண்டூசி குத்தினாள். வியாழக்கிழமை காலையிலும் அதே கதை. இரண்டு குண்டூசியும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி வைத்தமாதிரி கிடந்தன. துணி முடிச்சுக்கு ஒரு இழை இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. ஒட்டிலி கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். என் கை பட்டதை அக்கா ஏற்க மாட்டேன் என்கிறாள் என்று தோன்றியது. அடுப்படிக்குப் போனாலும் மிஷின் தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது. அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினாள்.

அன்று மத்தியானமே இடுகாட்டுக்கு நடந்தாள். அக்காவின் குழிமேட்டில் மண்டியிட்டுக் கல்லில் கை வைத்தாள். வெயிலில் கல் சுட்டது.

"நான்தான் ஒட்டிலி. வந்திருக்கேன். திருடின்னு சொன்னது தப்புதான், அக்கா."

காற்றுகூட அடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து கயிற்றை மறுபடி இழுத்து, குண்டூசியை நம்பாமல் நூலால் கட்டிப்போட்டாள். வெள்ளிக்கிழமை காலை கட்டு அவிழ்ந்திருந்தது. துணி முடிச்சில் நின்றது.

இப்போது அவளுக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் வந்தது.

"அப்ப யாருக்குத்தான் தச்சே?" என்று மிஷினைப் பார்த்துக் கேட்டாள்.

கேட்ட பிறகுதான் கை தானாகப் பாவாடையை எடுத்தது. தன் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்தாள். இரண்டு ஓரமும் தொப்புளுக்கு நேரே வந்து தொட்டன. முடிச்சு விரலுக்கடியில் மிளகுபோல் உருண்டது.

ஒட்டிலி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அல்வினே முன்பு தைத்துக் கொடுத்த உடை ஒன்றுகூட இப்போது அவளுக்குப் பத்தாது. தாய் போனபிறகுதான் உடம்பு இப்படிப் பெருத்தது. அதன்பிறகு அக்கா இவளைத் தொட்டதில்லை, கிட்டே நின்றதில்லை. பார்த்ததெல்லாம் ஊர்வலத்தில் பின்னால் நடக்கும்போதுதான். நாலு ஆகஸ்ட்டும் இவள் முதுகையே பார்த்துக்கொண்டு நடந்தவள், அங்கிருந்தே அளவெடுத்திருக்கிறாள். நான் திரும்பியிருந்தால் போதுமே என்று ஒட்டிலி வாய்விட்டு அழுதாள்.

சனிக்கிழமை இடுப்புப் பட்டியை அதே மிஷினில் வைத்து அடித்தாள். இந்த முறை ஒன்றும் நழுவவில்லை. விஷயம் தெரிந்ததும் வேமுனாவுக்கு முகம் சுண்டிப்போனது.

"எனக்கு இல்லன்னா இல்லதான். ஆனா அடுத்த வருஷம் நீங்கதான் தச்சுத் தரணும்."

"தரேன். சோறு கொஞ்சம் கூடத் தின்னு, துணி உட்காரணும்ல."

ஞாயிற்றுக்கிழமை சீருடை போட்ட ஆண்கள் முன்னே போக, சிவப்பு உடைகளும் மாட்டுக்கொம்பாய் இரு பக்கமும் நீண்ட தலைத்துணிகளுமாய்ப் பெண்கள் மெதுவாக நடந்தார்கள். ஒட்டிலி முன் வரிசை. அவளுக்கு நேர் பின்னால் அல்வினேயின் இடத்தை யாரும் நிரப்பவில்லை. வேமுனா அதற்குப் பக்கத்தில் நடந்தாள்.

மூதாதையர் கல்லறைத் திருப்பத்தில் அந்தச் சத்தம் கேட்டது. ஒரு பாவாடை தரையில் உரசுகிற சத்தம், நேர் பின்னால், ஒரு கை தூரத்தில்.

ஒட்டிலி திரும்பினாள். வரிசை தடுமாறியது, யாரோ நடம்மா என்றார்கள். பின்னால் காலியிடமும் அடங்கிக்கொண்டிருந்த புழுதியும்தான் இருந்தன.

அவள் இடுப்பில் கை வைத்துக் காட்டினாள்.

"சரியா இருக்குக்கா," என்றாள்.