ஆத்தா இறங்கிட்டா

காய்ச்சல் விட்டுவிட்டது என்று சுலோச்சனா சிரித்தபோதுதான் எனக்குப் பயமே வந்தது.

எங்கள் ஊரூர் மீனவர் குப்பத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பெண்கள் சேர்ந்து வீடு வீடாகப் போவோம். லாரித் தண்ணீர் பிடித்த டிரம், குடம், படகோரம் கிடக்கும் உடைந்த ஐஸ் பெட்டி என்று எதில் பழைய தண்ணீர் நின்றாலும் கவிழ்த்துத் தேய்ப்போம். மழைக்குப் பிறகு டெங்கு பக்கத்துச் சந்து வரை வந்துவிட்டது. யார் வாய்ச்சண்டைக்கு வந்தாலும் நாங்கள் விடுவதில்லை. வாசலில் வேப்பிலை கட்டியிருந்தால் மட்டும் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம். அம்மை கண்ட வீட்டுக்குள் வெளியாள் போகக் கூடாது, மருந்து ஊசி கூடாது, ஆத்தாவுக்கு வைத்த தண்ணீரைத் தொடவே கூடாது.

அப்படி இன்று நகரப் பார்த்தபோதுதான் சுலோச்சனா கூப்பிட்டாள்.

"கோவிந்தம்மாக்கா, ஆத்தா எறங்கிட்டா! பாப்பா ஒடம்பு ஜில்லுனு கீது. தலைக்குத் தண்ணி ஊத்தப் போறேன்."

டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்து என்று சுகாதார நர்ஸ் எங்களிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். வேப்பிலையை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

குழந்தை தேவிப்பிரியா பாயில் சுருண்டு கிடந்தாள். உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு. ஒரு கொப்புளம்கூட இல்லை. கையைத் தொட்டேன், ஐஸில் போட்ட மீன் மாதிரி இருந்தது. பல் ஈறில் ரத்தம். "வயிறு வலிக்குது அத்தை" என்றாள். குரலே எழும்பவில்லை.

"இது அம்மை இல்லடி, டெங்கு! ஆஸ்பத்திரிக்குத் தூக்குடி!"

சுலோச்சனாவின் புருஷன் டில்லிபாபு வாசலை மறித்தான். "இன்னாக்கா பேசுற? தண்ணி ஊத்தாம வாசல் தாண்டினா ஆத்தா சும்மா வுடுவாளா?"

கத்தினேன். திட்டினேன். என் மகன் வயதுக்காரன் காலில் விழுந்தேன். அசையவில்லை.

"சரி, ஊத்து. இப்பவே ஊத்து!" என்றேன் சுலோச்சனாவிடம்.

காய்ச்சல் கண்ட அன்றே மூலையில் வைத்த பானையிலிருந்து சுலோச்சனா செம்பில் மொண்டாள். வேப்பிலைக்கு நடுவே கொசுப்புழுக்கள் நெளிந்தன. அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

"வேப்பிலத் தண்ணியிலயாக்கா?"

செம்பைப் பிடுங்கி ஓரமாக வைத்தேன். குழாயடிக் குடத்திலிருந்து ஒரு கை நீரள்ளிக் குழந்தை உச்சியில் தெளித்தேன். "ஆடி தவறாம கூழ் ஊத்துறவ நான். ஆத்தா மேல ஆணையா சொல்றேன், ஊத்தியாச்சு. பாவம் இருந்தா என் தலையில வுழட்டும்."

டில்லிபாபு விலகினான். குழந்தையை அள்ளிக்கொண்டு மூன்று பேரும் ஆட்டோவுக்கு ஓடினோம்.

ராயப்பேட்டை ஆஸ்பத்திரி வரை சுலோச்சனா மகளின் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். சூடு ஏறவில்லை. உள்ளே தூக்கிப் போனார்கள். வெகுநேரம் கழித்து டாக்டர் அம்மா வெளியே வந்தார்.

"ரொம்ப இறங்கிடுச்சும்மா."

சுலோச்சனா முகம் மலர்ந்தது. இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினாள். "எறங்கிட்டாளா! தாயே!"

"பிரஷர் இறங்கிடுச்சும்மா. பாத்துட்டிருக்கோம். இப்ப எதுவும் சொல்ல முடியாது."

கூப்பிய கை கூப்பியபடியே இருந்தது. அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்கப்போவதில்லை.

அந்தப் பானை இன்னும் வீட்டில் இருக்கிறதே என்று நினைத்ததும் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. டில்லிபாபுவைத் துணைக்கு விட்டுவிட்டுக் குப்பத்துக்கு ஓடிவந்தேன். பானையைத் தூக்கி மணலில் கவிழ்த்தேன். புழுக்கள் துள்ளித் துள்ளி அடங்கின. அடங்கும் வரை மிதித்தேன். நின்று அழக்கூட நேரமில்லை.

நிமிர்ந்து பார்த்தால் எதிர் வாசலில் புதிதாக வேப்பிலை. அதற்கடுத்த வாசலில் அந்த வீட்டுக்காரி நாற்காலி போட்டு ஏறிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க வூட்டுக்கும் ஆத்தா வந்துட்டாக்கா" என்றாள் பக்தியோடு.

 ஆத்தாவிடம் கேட்க நாக்கில் மன்னிப்பு வந்தது, கை அதற்கு முன்னால் போய்விட்டது. வேப்பிலையைப் பிடித்து இழுத்து அறுத்தேன்.