கட்டி வைத்த கிளை

பாஸ்போர்ட் சைஸ் படம் எடுத்துப் பிழைப்பவள் என்பதால் புகைப்படக் குழுவில் அவளுக்குப் பெயரே ‘பாஸ்போர்ட்’ என்றாகிவிட்டது. காட்டுக்கும் ஏரிக்கும் போய் மிருகங்களையும் பறவைகளையும் படம் பிடிக்கிறவர்களின் குழு அது. எல்லோரும் முழங்கை நீள லென்ஸும் பச்சைச் சட்டையுமாக வருவார்கள். அவள் மட்டும் ஸ்டுடியோ முதலாளி கழித்துப் போட்ட பழைய கேமராவோடு கடைசி நாற்காலியில் ஒண்டிக்கொள்வாள்.

“என்ன பாஸ்போர்ட், குருவியையும் ரெண்டு காதும் தெரியிற மாதிரி நேரா உக்காரச் சொல்லிடுவியா?” என்பார் குழுத் தலைவரான தாடிக்காரர். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்துவைப்பாள். வீடு வந்து சேரும்வரை அந்தச் சிரிப்பு முள்ளாகக் குத்தும்.

வருஷத்துக்கு ஒருமுறை குழு நூலகத்தில் கண்காட்சி வைக்கும். அந்தச் சுவரில் தன் படத்துக்கு ஒரே ஒரு ஆணி. அவள் ஆசைப்பட்டதெல்லாம் அவ்வளவுதான்.

அதற்கு வழி பிறந்தது அக்கா வீட்டில். அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு பின்னறைக் கட்டிலில் கிடந்தாள். ஜன்னலுக்கு வெளியே காகிதப்பூச் செடியில் ஒரு தேன்சிட்டு ஜோடி கூடு கட்டியது. சிலந்தி நூலில் கோத்த சருகுப் பொட்டலம்போல ஒரு கூடு. பக்கவாட்டில் வாசல், அதற்கு மேல் குட்டியாக ஒரு கூரை. இலை அடர்ந்த கிளையொன்று முன்னால் தொங்கி, பாதிக் கூட்டை மறைத்திருந்தது. மீதிப் பாதியைப் பார்த்தே அக்காவுக்குப் பொழுது போயிற்று. கூட்டுக்குப் பக்கத்தில் போகிறதென்று துணிக்கொடியைக்கூட அவிழ்க்கச் சொல்லிவிட்டாள். அத்தான் முணுமுணுத்தார்.

“உங்க பனியன் ஃபேன் காத்துல காயட்டும். பிள்ளை பெறப்போறவ வாசல்ல அதைத் தொங்கவிட்டா அது பயந்து பறந்துடாதா?” என்று அவர் வாயை அடைத்தாள்.

குஞ்சு பொரித்ததும் தங்கைக்குத்தான் முதல் போன். “ஓடி வாடி. உன் கேமராவுக்கு நல்ல காலம் வந்திருக்கு!”

பாஸ்போர்ட் வந்தாள். பறவைக்கு ஆள் தெரியக்கூடாது என்று ஜன்னல் முழுக்க ஒரு கறுப்புப் போர்வையைத் தொங்கவிட்டு, நடுவில் லென்ஸ் மூக்கு மட்டும் வெளியே தெரியும்படி முக்காலியில் கேமராவை நிறுத்தினாள். சத்தம் வராமல் அமைத்துக்கொண்டாள். அக்கா போர்வை ஓரத்தை விரலகலம் விலக்கிக் கிசுகிசுத்தாள்.

“அப்பன்காரன் வர்றான் பாரு. வெறுங்கையோட வர்றான், உங்க அத்தான் மாதிரியே.”

சிரிப்பை அடக்குவதற்குள் கேமரா ஆடியது. ஆடாவிட்டாலும் படம் தேறியிருக்காது. அந்தக் கிளை வெயிலையெல்லாம் விழுங்கிவிட்டது. எத்தனை எடுத்தாலும் கூடு ஒரு கறுப்புக் கட்டியாகத்தான் விழுந்தது. கண்காட்சிக்குப் படம் அனுப்ப அன்றுதான் கடைசி நாள்.

கூட்டுப் பக்கம் ஓர் இலையைக்கூட ஒடிக்கக் கூடாது என்று தாடிக்காரர் ஓயாமல் சொல்வார். ஒடிக்கத்தானே கூடாது என்று நினைத்தாள் அவள்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு அக்கா கண்ணயர்ந்ததும் கொல்லைப்புறம் போனாள். அவிழ்த்துப் போட்ட துணிக்கொடிக் கயிறு அங்கேயே கிடந்தது. கிளையை மெல்ல ஒதுக்கி, தண்ணீர்க் குழாயோடு சேர்த்துக் கட்டினாள். திரும்பி வந்து கேமராவில் கண் வைத்தபோது சாய்ந்த வெயில் நேராகக் கூட்டு வாசலுக்குள் விழுந்திருந்தது. தாய்ச்சிட்டு அலகில் ஒரு சிலந்தியோடு வந்து அந்தரத்தில் நின்றது. உள்ளிருந்து இரண்டு சிவந்த வாய்கள் எழும்பின. அவள் அமுக்கினாள்.

அப்புறம் தலைகால் புரியவில்லை. ஸ்டுடியோ மூடுவதற்குள் போய்க் கம்ப்யூட்டரில் ஏற்றி அனுப்ப வேண்டும். கேமராவைப் பையில் திணித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். போர்வை ஜன்னலிலேயே தொங்கியது. கயிறு குழாயிலேயே இருந்தது.

மறந்துவிட்டாள் என்றால் பாதிதான் உண்மை. படத்தை அனுப்பிவிட்டு நிமிர்ந்தபோதே ஞாபகம் வந்தது. அக்காவுக்கு ஒரு போன் போட்டால் அத்தான் போய் அவிழ்த்துவிடுவார். ஆனால் கட்டினதைச் சொல்ல வேண்டுமே. விடிந்ததும் நாமே போய்க்கொள்ளலாம், ஒரு ராத்திரியில் என்ன ஆகிவிடும் என்று இருந்துவிட்டாள்.

விடிந்ததும் அக்காதான் கூப்பிட்டாள். அழுகையில் பாதி வார்த்தை கேட்கவில்லை.

“காக்கா வந்துடுச்சுடி. இத்தனை நாளா அதுக்குக் கூடு இருக்கிறதே தெரியலை. இன்னிக்கு எப்படித்தான் கண்ணுல பட்டுச்சோ! போர்வைக்குப் பின்னால குஞ்சு ரெண்டும் கத்தினது மட்டும் கேட்டுச்சு. நானும் கைதட்டினேன், கத்தினேன். எழுந்துக்க முடியலையே, உங்க அத்தானும் வீட்டுல இல்ல. நீ மறுபடி எடுக்க வருவேன்னு அந்தப் போர்வையைக்கூட எடுக்க விடாம வச்சிருந்தேன்.”

பாஸ்போர்ட் போனதும் நேராகக் கொல்லைக்குத்தான் போனாள். வெட்டவெளியில் கிழிந்து தொங்கியது கூடு. முடிச்சை அவிழ்த்தாள். கிளை ஒன்றுமே நடக்காததுபோல மெதுவாக அதன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கயிற்றைச் சுருட்டித் தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பின்னால் எறிந்தாள். அதற்குப் பிறகுதான் உள்ளே போய்ப் போர்வையை இறக்கினாள்.

“நீ என்னடி பண்ணுவ? காக்கா புத்தி அப்படி,” என்று அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கையை உருவிக்கொள்ளவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

படம் தேர்வானது. தாடிக்காரர் முதல்முறையாக அவளை முன்வரிசைக்கு அழைத்தார்.

“வாம்மா. வாசலுக்குள்ள வெளிச்சம் எப்படி விழுந்துச்சு?”

“காத்துல கிளை விலகுச்சு, சார்.”

“பார்த்தீங்களா? காத்திருந்ததுக்குக் கிடைச்ச கூலி!” என்றார் மற்றவர்களிடம். கைதட்டினார்கள். அவளுக்குக் காது மடலெல்லாம் எரிந்தது. அன்று யாரும் அவளைப் பாஸ்போர்ட் என்று கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் தேவலை போலிருந்தது.

கண்காட்சிக்கு முதல் நாள், “எனக்குக் காட்டாம ஊருக்கெல்லாம் காட்டுவியா?” என்று அக்கா பிடிவாதம் பிடித்தாள். வேறு வழியில்லாமல் ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அக்கா படத்தை மடியில் வைத்துக்கொண்டு குனிந்தாள். “ஐயோ, ரெண்டு வாயும் தெரியுதே! நான் ஒரு நாள்கூட இப்படிப் பார்த்ததில்லைடி.” விரலால் தடவினாள். விரல் நின்றது. ஜன்னலைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள்.

“இந்தக் கிளை எங்க?”

காத்து என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. படத்தின் ஓரத்தில் இலைகள் ஒரே கொத்தாக இறுகி நின்றன. எந்தக் காற்றும் அப்படி இறுக்கிப் பிடிக்காது.

“கட்டினேன் அக்கா. அப்புறம் அவிழ்க்கலை.”

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருக்கலாம். படத்தைக் கவிழ்த்துக் கட்டிலில் வைத்தாள்.

“துணிக்கொடியைக் கட்டிடு. உங்க அத்தான் பனியனெல்லாம் நாறுது. இனிமே யாருக்கு இடைஞ்சல்?”

பாஸ்போர்ட் வெளியே போய்ப் பீப்பாய்க்குப் பின்னாலிருந்து கயிற்றை எடுத்தாள். முடிச்சு விழுந்த இடம் இன்னும் வளைந்தே இருந்தது. ஒரு முனையைக் குழாயில் கட்டினாள். அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுமுனையைக் கட்டாமல் ஒரு கையில் பிடித்துக்கொண்டே மறு கையால் போனை எடுத்தாள்.

“சார், பாஸ்போர்ட் பேசுறேன். என் படத்தைச் சுவத்துலேர்ந்து எடுத்துடுங்க.”

அந்தப் பக்கம் தாடிக்காரர் என்ன, ஏது என்று பதறினார். திரும்பி நின்று பேசலாம் என்றிருந்தது அவளுக்கு. திரும்பவில்லை. அக்காவின் முகத்துக்கு நேராக நின்று, அவளுக்கும் கேட்கிற மாதிரி எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.