ஈர ஆட்டுத்தோலும் எண்ணூறு கிலோமீட்டரும்

2005-இல் என் முனைவர் பட்டம், ஆம்பூர்ப் பக்கம் பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் டேனரி ஒன்றின் முற்றத்தில், தகரமாக நின்றுகொண்டிருந்தது. மூன்று தகடுகள் ஒரு மூலையில் கூடும். வாய் வானத்தைப் பார்க்கும். முப்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை எண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில் ஒரு செயற்கைக்கோள் கடக்கும். அது அனுப்பும் ரேடார் அலையைத் தகரம் வந்த வழியே திருப்பிவிட, படத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி விழும். நிலத்தடி நீரைப் போர்போட்டு உறிஞ்ச உறிஞ்ச மேலே மண் அமுங்குகிறதா என்று அந்தப் புள்ளியை வைத்து மில்லிமீட்டர் கணக்கில் சொல்லிவிடலாம்.

புள்ளி இருந்தால். கடைசி மூன்று படங்களில் அதைக் காணோம்.

வேலூரில் என் அறையில் உட்கார்ந்து, காரணம் காற்றிலுள்ள ஈரம் என்று பதினோரு பக்கம் எழுதினேன். வழிகாட்டி பாராட்டினார். என் மனைவி இவாஞ்சலின் மட்டும், "பக்கத்துக் குன்று மேல இன்னொரு தகரம் வச்சீங்களே, அங்க காத்து இல்லியா? அது மட்டும் எப்படித் தெரியுது?" என்றாள். அவள் நர்ஸ். ஊசி போட்டதே தெரியாது, வலி பிறகுதான்.

எனக்குக் கிடைக்கவிருந்தது இன்னும் ஒரே ஒரு படம். அதிலும் புள்ளி இல்லையென்றால் பட்டமும் இல்லை. செயற்கைக்கோள் காலை பத்தேகாலுக்குக் கடக்கும் நாளில், பத்து மணிக்கு முன்பே போய் நின்றேன்.

தகரத்தின் மூன்று பக்கமும் ஈர ஆட்டுத்தோல் விரித்திருந்தது.

தோல் காயப்போடும் சவுரியம்மாளிடம், "இது இன்னா?" என்றேன்.

"தோலு சார்."

"தெரியுது. இதுமேல ஏன்?"

"தகரம் நல்லா சூடேறுது. நாலு மாசமா இதுலதான் போடுறோம். காயப்போடத்தான் நீங்க செஞ்சு குடுத்தீங்கன்னு மேஸ்திரி சொன்னாரு."

மேஸ்திரி அப்துல் வஹீத் பாய் மகிழ்ச்சியோடு வந்தார். "ரொம்ப உபயோகம் சார். இன்னும் நாலு செஞ்சா ஜாஸ்தி உதவி."

தகரத்தை வைத்த அன்று, திருப்பாதீர்கள், அசைக்காதீர்கள் என்று சொல்லியிருந்தேன். மூடாதீர்கள் என்று சொல்லவில்லை. அவர்கள் திருப்பவும் இல்லை, அசைக்கவும் இல்லை.

"பத்து நிமிஷத்துல மேல சாட்டிலைட் போவும். தோலை எடுத்துடுங்கம்மா."

"எடுத்து எங்க போடறது? தரையில போட்டா மண்ணு ஒட்டிக்கும்."

"நான் புடிச்சிக்கிறேன்."

மூன்று தோல், மூன்று பேர். ஆளுக்கொன்றாகக் கையில் விரித்தபடி தள்ளி நின்றோம். என் சட்டையில் எதுவோ சொட்டியது. எதுவென்று கேட்கவில்லை.

"சத்தம் வருமா சார்?" என்றாள் சவுரியம்மாள்.

"வராது."

"கண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்போ போய்ட்டுதுன்னு எப்டித் தெரியும்?"

"வாட்ச்சைப் பாத்துதான்."

"இதுக்கா இவ்ளோ படிச்சீங்க," என்றவள், அண்ணாந்து பார்த்தபடியே, "கீழ இருக்குற தண்ணி அதுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தண்ணி தெரியாது. தண்ணி போன எடத்துல மண்ணு எறங்கும்ல, அது தெரியும்."

"மேலயே நிக்கிறோம், நம்ம காலுக்கே தெரியலியே."

பத்தேகால் ஆனது. பத்து இருபதும் ஆனது. "போய்ட்டுது," என்றேன். தோல்கள் தகரத்துக்குத் திரும்பின.

மூன்று வாரம் கழித்துப் படம் வந்தது. புள்ளி இருந்தது. பழைய படங்களோடு ஒப்பிட்டேன். குன்றின் பாறை அசையவில்லை. டேனரி முற்றம் இருபத்துமூன்று மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. பட்டம் உறுதி. ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு ஆம்பூருக்கு பஸ் ஏறினேன்.

"எவ்ளோ எறங்கிச்சு?" என்றாள் சவுரியம்மாள். விரலிடையில் காட்டினேன். அதே அளவைத் தன் விரலிடையில் பிடித்துக்கொண்டு காலடி மண்ணைப் பார்த்தாள்.

"மோட்டாரை நிறுத்துனா மறுபடி ஏறிடுமா?"

"கொஞ்சம் ஏறலாம். முழுசா ஏறாது."

"அப்போ ஸ்வீட்டு இன்னாத்துக்கு சார்?"

வஹீத் பாய் எடுத்த மைசூர்பாகுத் துண்டைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, வழிந்துகொண்டிருந்த தொட்டியின் மோட்டாரை அணைக்கப் போனார்.