வெண்டெலின் கேம்ஷாஃப்ட்

"சாவியை எங்கிட்ட குடு, மார்லிஸ். பிடிவாதம் பிடிக்காதே. அந்த வண்டி உன் கைக்கு அடங்காது," என்று ராய்ஸ் மறுபடியும் கையை நீட்டினான்.

மார்லிஸ் கொடுக்கவில்லை. கறுப்புக் கவுனைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கமாரோ காருக்குள் சரிந்து உட்கார்ந்தாள். குதிகால் செருப்பு கிளட்சுக்கு ஒத்துவராது என்று அதைக் கழற்றிப் பக்கத்து சீட்டில் போட்டாள். அந்த வண்டியில் அவள் ஏறுவது இதுதான் முதல் தடவை. சனிக்கிழமை புல் வெட்டிக்கொண்டிருந்த இடத்திலேயே மாரடைத்து விழுந்த அவள் கணவன் வெண்டெல், சர்ச் வாசலில் சவ வண்டிக்குள் காத்திருந்தான்.

அந்தக் கார் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. உறுப்பினர் யாராவது போய்விட்டால் சவ வண்டிக்கு அடுத்தபடி அவருடைய கார் போக வேண்டும். வீட்டு ஆள்தான் ஓட்ட வேண்டும். மற்றவர்கள் பின்னால். வெண்டெலுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டு ஆள் என்றால் மனைவி, இல்லையென்றால் தம்பி ராய்ஸ்.

"நடு ரோட்டில ஆஃப் ஆகி நின்னா? ஊரே பாக்குமே?" என்றான் ராய்ஸ்.

"பாக்கட்டும். ஒரு தடவையாவது அவர் கூடப் போறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கும் அந்தப் பயம் இருந்தது. சவ ஊர்வலம் நடை வேகத்தில் போகும். நடை வேகம்தான் பெரிய கேம்ஷாஃப்டுக்குப் பரம எதிரி என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

எஞ்சினுக்குள் காற்று வரும் வாயில்களைத் திறந்து மூடுகிற தண்டுதான் அது. அதன் மேடுகள் பெரிதாக இருந்தால் வேகத்தில் வண்டி பறக்கும். நிற்கும்போது தடக், தடதக் என்று கம்பீரமாக உறுமும். மெல்லப் போனால் மட்டும் உதறும், துள்ளும், கடைசியில் நின்றுவிடும். ராய்ஸ் தன் காரில் மாட்டியிருந்தது அப்படிப்பட்டதுதான். போனில் சத்தத்தைக் கேட்டு மயங்கி வாங்கியது. போன வருஷம் ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின ஊர்வலத்தில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து போய், மடியிலிருந்த கிண்ணத்து முட்டைக்கோஸ் சாலட் முழுவதும் கவுனில் கொட்டி, ஊர் சிரிக்க இறங்கி நடந்து வந்தவள் மார்லிஸ்.

அந்தக் குளிர்காலத்தில்தான் வெண்டெலும் தன் காருக்கு ஒரு கேம்ஷாஃப்ட் தேட ஆரம்பித்தான். ராத்திரிச் சாப்பாட்டு மேஜையில் போனை நிமிர்த்தி வைத்து, "இதைக் கேளு. இப்ப இதைக் கேளு. எது நல்லாருக்கு?" என்பான். அவளுக்கு இரண்டும் துணி துவைக்கிற மெஷினில் ஷூவைப் போட்ட மாதிரிதான் இருந்தன.

"நல்லாத்தானே ஓடுது இந்தக் கார்? எதுக்கு அதோட வயித்தைக் கிழிக்கணும்?"

"சத்தமே இல்லையே மார்லிஸ். நான் வர்றது உனக்குத் தெரியவே மாட்டேங்குது."

"நீ வர்றது தெரியறதுக்கு ஒரு மணி வாங்கிக் கழுத்தில கட்டிக்கோ. ராய்ஸ் மாதிரி ஒண்ணை மாட்டினே, செத்தாலும் அதுல ஏற மாட்டேன்."

"யாரு செத்தாலும்?" என்று கேட்டுச் சிரித்தான் வெண்டெல்.

வசந்தத்தில் அண்ணனும் தம்பியும் கராஜில் கிடந்து கேம்ஷாஃப்டை மாற்றினார்கள். பெரியதைத்தான் மாட்டினேன் என்று வெண்டெல் கிளப்பில் மார்தட்டினான். வண்டியும் உறுமியது. மார்லிஸ் சொன்ன வாக்கைக் காப்பாற்றினாள். கோடை முழுவதும் சாயங்காலங்களில் அவன் வாசலில் வண்டியை உறும விட்டுக்கொண்டு, "ஐஸ்கிரீம் சாப்பிட்டு வரலாம், வா," என்று கூப்பிடுவான். அவள் சமையலறை ஜன்னலிலிருந்து தலையை ஆட்டுவாள்.

இப்போது சவ வண்டி நகர்ந்தது. மார்லிஸ் முதல் கியரைப் போட்டாள். அப்பாவின் பண்ணை டிரக்கில் பழகிய கால் மறந்திருக்கவில்லை. கிளட்சை விட்டுவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, துள்ளப் போகிறது என்று காத்திருந்தாள்.

துள்ளவில்லை. கோர்ட்டைத் தாண்டி, வங்கியைத் தாண்டி, வண்டி சமர்த்தாக ஊர்ந்தது. சிக்னலில் நின்றபோது கண்ணாடி அதிர உறுமியது; பச்சை விழுந்ததும் அலுங்காமல் கிளம்பியது. பின்னால் பார்க்கிற கண்ணாடியில் ராய்ஸின் கார் மூக்கை முட்டி முட்டி வந்துகொண்டிருந்தது. ரயில் தண்டவாளத்தில் ஏறும்போது அது ஒரேயடியாக நின்றுபோனது. ராய்ஸ் அதை மறுபடி கிளப்பும்வரை ஊர்வலம் முழுவதும் நின்றது, வெண்டெல் உட்பட. தம்பிக்காகக் காத்து நிற்பது அவனுக்குப் புதிதல்ல.

அடக்கம் முடிந்து பாதிரியாரும் மற்றவர்களும் சர்ச் சாப்பாட்டுக்குக் கிளம்பினார்கள். ராய்ஸ் அவளிடம் வந்து, தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டே நின்றான்.

"துள்ளவே இல்லையே, ராய்ஸ்," என்றாள் மார்லிஸ். "பெரிசுன்னுதானே ஊரெல்லாம் சொன்னார்?"

"ஊருக்குப் பெரிசு. உள்ள இருக்கிறது சின்னது. சின்னது போட்டேன்னு இந்த ஊர்ல எவன் வாயத் திறந்து சொல்லுவான்? நிக்கும்போது கொஞ்சம் கூடுதலா உறுமற மாதிரி கம்ப்யூட்டர்ல ஏதோ மாத்தி விட்டோம். அவ்வளவுதான்."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"நான் சொல்லத்தான் பாத்தேன். விடல. 'அவளால ஓட்ட முடியணும், அடுப்படி வரைக்கும் கேக்கவும் கேக்கணும், அப்படி ஒண்ணு பாரு'ன்னு என் உயிரை எடுத்தான். குளிர்காலம் முழுக்க அதைத்தான் தேடினோம். மாட்டினப்புறம், 'நீ சொல்லாதே, அவளே ஒரு நாள் ஏறுவா, ஏறினா தெரிஞ்சுக்குவா'ன்னுட்டான்."

மார்லிஸ் ஈர மண் ஒட்டிய தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். செருப்பு காரிலேயே கிடந்தது.

சர்ச்சுக்குப் போகாமல் நேராக வீட்டுக்கு ஓட்டிப் போனாள். வழியெல்லாம் பழைய ஞாபகம். அவளுக்குப் பத்தொன்பது வயதில், அப்பா வீட்டு மாடி அறையில் படுத்திருக்கும்போது, தானியக் கிடங்கு முனையில் வெண்டெலின் ஓட்டை நோவா கார் திரும்புவது கேட்கும். தடக், தடதக். ஓடிப்போய் வாசல் விளக்கைப் போடுவாள். அப்பா வந்து அணைப்பார். மறுபடி போடுவாள். கல்யாணத்துக்குப் பிறகும் அதே கதைதான். அவன் இரண்டாம் ஷிப்ட் முடிந்து வரும் சத்தம் முனையில் கேட்டால் விளக்கு எரியும். பிறகு வேன் வந்தது, சத்தமில்லாத கார்கள் வந்தன. எந்த நாளில் விளக்கைப் போடுவதை நிறுத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. அவன் அதை ஒரு நாளும் கேட்கவில்லை. சத்தம் இல்லை என்று மட்டும்தான் சொன்னான்.

வாசலில் வண்டியை நிறுத்தி ஹேண்ட் பிரேக்கைப் போட்டாள். எஞ்சினை அணைக்காமல் இறங்கினாள். சமையலறைக்குள் போய், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்தபடி நின்றாள். ஷெல்பில் கிண்ணங்கள் லேசாகக் குலுங்கின. தடக், தடதக். நன்றாகவே கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து ராய்ஸ் சர்ச்சிலிருந்து பன்றி இறைச்சியும் உருளைக்கிழங்கும் தட்டில் மூடி எடுத்துக்கொண்டு வந்தான். காரில் யாரும் இல்லை. கதவைத் தள்ளி உள்ளே குரல் கொடுத்தான்.

"மார்லிஸ், வண்டி சும்மா ஓடிட்டிருக்கு! பட்டப்பகல்ல வாசல் லைட் வேற எரியுது. அணைச்சிடட்டுமா?"

"இருக்கட்டும்," என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

ராய்ஸ் அண்ணாந்து விளக்கைப் பார்த்தான். தட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு, அதன் கீழே படியில் உட்கார்ந்துகொண்டான்.