சாமி இறங்கும்வரை

மைல்கல்லாம், மைல்கல்! பூந்தமல்லி ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று, நிஜ மைல்கல்லையே பிடுங்கி ஓரமாகப் போட்டுவிட்டார்கள். இந்த லட்சணத்தில் எங்கள் வாழ்க்கையின் மைல்கற்களைப் படம் எடுக்க ஒரு பெண் கேமராவோடு வந்து நிற்கிறாள். பெயர் கவிப்பிரியா. நல்ல பெண்தான். எனக்குத்தான் இப்போதெல்லாம் யார் சிரித்தாலும் எரிச்சல் வருகிறது.

நான் பாபு. ‘லேத்து’ ராக் குழுவில் ட்ரம்ஸ் வாசிப்பவன். கிடாரும் பாட்டும் வசீம், கரையான்சாவடிக்காரன். அம்பத்தூர் எஸ்டேட்டில் அவன் மாமாவின் லேத்துப் பட்டறையில், ஞாயிற்றுக்கிழமை ஷட்டரை இறக்கிவிட்டு வாசித்துப் பழகினோம். அதனால் அந்தப் பெயர். அப்புறம் எல்லாம் நடந்தது. மும்பையில் விருது, சிங்கப்பூரில் ஸ்டேடியம், லண்டனில் தமிழே தெரியாதவர்கள் எங்கள் பாட்டைத் தொண்டை கிழியப் பாடியது, ஆட்டோ முதுகிலெல்லாம் வசீமின் படம். இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஊர்களைப் பற்றி என்னைக் கேட்டால், எந்த ஓட்டலில் கேட்டவுடன் ஐஸ் கொடுத்தார்கள் என்பதுதான் ஞாபகம் இருக்கிறது. என் வலது தோளுக்கு வைக்கத்தான் ஐஸ்.

தோள் போய்விட்டது. ‘வாளியில் தண்ணீர்கூடத் தூக்காதே’ என்று டாக்டர் திட்டினார். வசீமிடம் சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்று எத்தனையோ முறை வாயைத் திறந்திருக்கிறேன். அதற்குள் அவன் அடுத்த கச்சேரியைப் பற்றி ஆரம்பித்துவிடுவான். இவ்வளவு உற்சாகமாக இருக்கிறவனிடம் எப்படிச் சொல்வது? இன்றைக்குப் பாட்டு முடிந்ததும் மேடையிலேயே உலகச் சுற்றுப்பயணத்தை அறிவிக்கப் போகிறான். ஊர் முன்னால் வார்த்தை விட்டுவிட்டால் அப்புறம் என்னால் பின்வாங்க முடியாது. அதற்குள் சொல்லியாக வேண்டும்.

மேடை மேனாம்பேட்டில், அம்மன் கோயில் தெருவில். எங்கள் முதல் கச்சேரி அங்கேதான் நடந்தது, இதே ஆடி மாதக் கூழ் ஊற்றும் நாளில். அன்றைக்கு வரவேண்டிய மெல்லிசைக் குழு வரவில்லை. கோயில் கமிட்டித் தலைவர் ரவிச்சந்திரன் எங்களைக் கையோடு இழுத்து வந்து, “இன்னாத்தையோ வாசிங்கடா, மானம் போவுது” என்றார். அம்மன் பாட்டையே கிடாரில் வாசித்தோம். கூட்டத்தில் நின்றிருந்த அஞ்சலை என்கிற அம்மாவுக்குச் சாமி வந்துவிட்டது.

சாமி ஆடும்போது மேளத்தை நிறுத்தக் கூடாது. இதைத் தெரியாதவன் எங்கள் பக்கத்தில் யாரும் இல்லை. சாமி உடம்பை விட்டு இறங்குவதற்குள் நிறுத்தினால் தெய்வக் குற்றம். நான் அடிக்க, அந்தம்மா ஆட, நான் அடிக்க, அந்தம்மா ஆட, முடிவே இல்லை. வசீமுக்குத் தெரிந்த வரிகள் எல்லாம் தீர்ந்துபோய், “எறங்கு தாயே, எறங்கு” என்று கத்த ஆரம்பித்தான். யாரோ செல்போனில் எடுத்தது நாடு முழுக்கப் பரவியது. அந்தப் பாட்டுதான் எங்களுக்குச் சோறு போட்டது. முடிவில்லாத தாளத்தின் தத்துவம் என்று பத்திரிகையில் எழுதினார்கள். தத்துவமாவது, மண்ணாங்கட்டியாவது! பயம் சார், வெறும் பயம்.

அந்த நாளை அப்படியே திரும்ப எடுக்க வேண்டுமாம். சாமி ஆட ஒரு துணை நடிகையைக் கவிப்பிரியா கூட்டி வந்திருந்தாள். ரவிச்சந்திரன் குதித்தார்.

“ஆத்தா எதிர்ல சாமி வந்த மாரி நடிப்பீங்களா? இன்னா நெனச்சிகினு கீறீங்க?”

“சரிண்ணா, ஆட்டம் வேணாம். பாட்டு மட்டும் எடுத்துக்கறோம்” என்று அவள் கும்பிட்டுச் சமாளித்தாள்.

வெயில் மண்டையைப் பிளந்தது. ஆரம்பித்தோம். நாலு வரி போயிருக்காது, கூழ் அண்டாவின் பக்கம் குலவைச் சத்தம். எட்டிப் பார்த்தால் அஞ்சலை. முடி நரைத்திருந்தது, உடம்பு இளைத்திருந்தது. கையில் வேப்பிலையோடு ஆடிக்கொண்டே வந்தாள். கவிப்பிரியாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அடித்தேன். வேறு வழி? தோளில் ஆணி இறங்குவதுபோல் இருந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. வேர்வை என்று நினைத்திருப்பார்கள். ‘தாயே, எறங்கிடு தாயே’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு வேண்டினேன். வசீமின் குரலும் பிசிறடித்தது. அவன் திரும்பிப் பார்க்காமல் பாடிக்கொண்டே இருந்தான்.

அஞ்சலை மேடையேறி நேராக என்னிடம் வந்தாள். அருள்வாக்கு சொல்லப் போகிறாள் என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அவள் குனிந்து, என் காதோரம் மூச்சு வாங்கினாள்.

“நைனா, நிறுத்தவே மாட்டியா? காலு உட்டுப்போச்சிப்பா.”

“நீதானேம்மா ஆடிகினு கீற!”

“நீ அடிச்சிகினு கீறியே! மோளம் நிக்காம ஆத்தா எப்பிடி எறங்குவா? அன்னிக்கும் இதே கதெதான்.”

அடப்பாவி மனுஷா! அவள் இறங்குவாள் என்று நான் அடித்திருக்கிறேன். நான் நிறுத்துவேன் என்று அவள் ஆடியிருக்கிறாள். அதற்குத்தான் விருது, ஸ்டேடியம், லண்டன் எல்லாம்.

குச்சிகளைக் கீழே வைத்தேன். அஞ்சலை ஒருமுறை உடம்பு சிலிர்த்து, அப்படியே மேடையில் உட்கார்ந்துவிட்டாள். யாரோ அவள் முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். எந்த ஊரிலும் பாதிப் பாட்டில் நான் நிறுத்தியது கிடையாது.

வசீம் திரும்பினான்.

“இன்னா மச்சான்?”

“என்னால முடில வசீம். தோளு போச்சு. டூரு கீரு எதுவும் வேணாம்டா. இதோட போதும்.”

ட்ரம்ஸுக்கு வைத்த மைக் அணைக்கப்படவில்லை. தெரு முழுக்கக் கேட்டது. கத்தப் போகிறான் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவன் கிடாரைக் கழற்றிச் சாய்த்துவிட்டு, வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். கிட்டத்தில் கேட்டால் அவன் குரல் குரலாகவே இல்லை.

“இத சொல்றதுக்கு இவ்ளோ நாளாடா? தொண்டையில கட்டின்றாங்க. பாடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லி ரெண்டு ஆடி போச்சு.”

“அப்புறம் ஏன்டா டூரு?”

“நீ அடிச்சிகினே கீறியேடா. உன்ன உட்டுட்டு எப்பிடி நிறுத்துறது?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவனுக்கும்தான். கவிப்பிரியா என்ன நினைத்தாளோ, கேமராவைக் கீழே இறக்கிவிட்டாள்.

அஞ்சலை எழுந்து போய் ஒரு சொம்பு நிறையக் கூழ் கொண்டு வந்தாள். “இந்தாங்க, ரெண்டு பேரும் குடிங்க” என்று நீட்டினாள். கையை நீட்டினேன், தோள் எழும்பவில்லை. வசீம் சொம்பை வாங்கி என் வாயருகே பிடித்தான். நான் குடித்து முடிக்கும்வரை பிடித்துக்கொண்டே இருந்தான்.